கவருக்குள் பெய்யும் மழை

வெளியில் கவர் போட்டு நிறுத்திய பழைய காரைப் பார்க்கக் கூப்பிட்டால் நான் பானெட்டை முதலில் பார்ப்பதில்லை. முன் மட்கார்டின் மேல்முனை, கதவுக் கைப்பிடியைச் சுற்றிய இடம், டிக்கியின் விளிம்பு, இப்படித் துணி இறுகி உட்காரும் இடங்களில் விரலை ஓட்டுவேன். அம்பாசடர் என்றால் ஹெட்லைட்டுக்கு மேலே உருண்டு நிற்கும் மேடு. அங்கே நிறம் தேய்ந்து பிரைமரின் சாம்பல் எட்டிப் பார்க்கிறதா என்பதை வைத்தே, வண்டி எத்தனை ஆடி மாதம் வெளியில் நின்றது என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம்.

எங்கள் ரெட்டியார்சத்திரம் பக்கம் ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, செம்மண் பறக்கும். கவரை எவ்வளவு கீழே இழுத்துக் கட்டினாலும் அந்தப் பொடி உள்ளே போய்விடும். போனது வெளியே வராது. காற்று அடிக்க அடிக்கத் துணி மேலும் கீழும் அசையும். இடையில் மாட்டிய மண் பெயின்டைத் தேய்க்கும். நாங்கள் பட்டறையில் வாட்டர் பேப்பர் வைத்துத் தேய்க்கிறோமே, அதே வேலைதான். நாங்கள் தண்ணீர் விட்டு, கை பார்த்துத் தேய்ப்போம். காற்றுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

இருந்தாலும் தேய்மானம் எனக்குப் பெரிய கவலை இல்லை. கண்ணுக்குத் தெரிகிற சேதத்தைச் சரிசெய்துவிடலாம். கொப்புளம்தான் வேறு கதை.

“தம்பி, வெயிலும் படல, மழையும் படல. மூடித்தானே வச்சிருந்தேன், பின்ன எப்படி அம்மை போட்ட மாதிரி ஆச்சு?” என்று கேட்காத வண்டிக்காரர் இல்லை. மூடி வைத்ததால்தான் அய்யா என்று சொன்னால் நம்பமாட்டார்கள். கணக்கோடு சொல்ல வேண்டும். 30 டிகிரி சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரிக்கு இறங்கினால் 17 கிராம்தான் தாங்கும். மிச்சம் எங்காவது தண்ணீராக உட்கார்ந்தாக வேண்டும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்கள் எங்கள் ஊர்ச் சாலையை நிறைக்கிற நாட்களில், விடியற்காலை எந்த வண்டியைத் தொட்டாலும் கை நனையும். தெளிந்த வானத்தின் கீழ் நிற்கும் தகரம் தன் சூட்டை இரவெல்லாம் மேலே விட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். பனி அதைத் தேடி வந்து இறங்கும்.

மூடாத வண்டியில் இறங்கிய பனி ஏழு, எட்டு மணி வெயிலில் காய்ந்து போகும். மூடிய வண்டிக்கு அந்த வழி இல்லை. அது செம்மண் தரையில் நின்றால் இன்னும் மோசம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய தரையிலிருந்து ஆவி கிளம்பும். தரை வரை தொங்கும் கவர் அதைக் கூடாரம் கட்டிப் பிடித்து வைத்துக்கொள்ளும். கவரின் உட்புறத்தில் திரண்ட நீர் சொட்டுச் சொட்டாகக் கூரைமேலும் பானெட்மேலும் விழும். வெளியே வானம் வெளுத்திருக்கும், உள்ளே மழை பெய்துகொண்டிருக்கும். பிறகு வெயில் ஏறியதும் அந்த ஈரம் சூடாகிறது. சூடான ஈரத்தைப்போலப் பெயின்டுக்குள் புகக்கூடியது வேறில்லை.

எங்கள் ஊரில் இந்திய–இஸ்ரேல் கூட்டில் நடக்கும் காய்கறி மகத்துவ மையம் இருக்கிறது. குழித்தட்டு நாற்று வாங்க அங்கே போய்வருகிற விவசாயிக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. பசுமைக்குடிலில் காற்றோட்டம் இல்லாவிட்டால் பூஞ்சை வரும் என்பது அவருக்குத் தெரியும். தக்காளி நாற்றுக்குத் திறந்து வைப்பவர்தான் தாத்தா காலத்து பியட்டை இறுக்கக் கட்டி வைக்கிறார்.

கொப்புளத்துக்கு வருகிறேன். பெயின்ட் என்பது கண்ணாடி இல்லை, நீராவி அதன் வழியே மெல்ல ஊடுருவும். அப்படி ஊடுருவியது அடியில் உப்பைக் கண்டால் அங்கேயே தங்கிவிடும். உப்பு கரைந்து செறிவான நீராகி, மேலிருந்து இன்னும் நீரை இழுக்கும். இழுக்க இழுக்க அழுத்தம் கூடி, படலம் எழும்பிக்கொள்ளும். அடியில் உப்பு எப்படி வந்தது? பெரும்பாலும் பெயின்ட் அடித்த அன்றே வந்தது. பட்டியும் பிரைமரும் தேய்க்கும்போது ஊற்றியது போர்த் தண்ணீர். கோடையில் எங்கள் பக்கத்து போர்த் தண்ணீர் எப்படிப்பட்டது என்று அடுப்பில் வைத்த பாத்திரத்தின் வெள்ளைப் படிவைப் பார்த்தால் தெரியும். தேய்த்த சேற்றை நல்ல தண்ணீரில் கழுவாமல், துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு மேல்கோட் அடித்தால் அந்த உப்பெல்லாம் உள்ளேயே அடைபடுகிறது. வண்டி ஓடிக் காய்ந்துகொண்டிருக்கும் வரை அது தூங்கும். கவர் போட்ட முதல் மழைக்காலத்தில் எழுந்துகொள்ளும். ஆகவே கொப்புளத்தில் பாதிப் பழி கவருக்கு, பாதிப் பழி பெயின்டருக்கு. இதைச் சொன்னால் தொழிலில் இருப்பவர்களுக்குக் கோபம் வரும். வரட்டும். கடைசிக் கழுவலுக்குப் பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரோ இரண்டு குடம் போதும். அதற்குச் சோம்பல்.

தடித்த பட்டிக்கும் இதில் பங்கு உண்டு. பாலியெஸ்டர் பட்டியில் டால்க் பொடி நிறைய இருக்கும். ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதனால்தான் பழைய டிங்கர் வேலை நடந்த இடமெல்லாம் கொப்புளமாக வரைபடம் போட்டுக் காட்டும். விற்றவர் மறைத்த விபத்தை மழைக்காலம் சொல்லிவிடும்.

என்.சி. பெயின்டின் சங்கதி தனி. 1920களில் அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனி கொண்டுவந்த டூக்கோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் (என்.சி.) பெயின்ட் வருவதற்கு முன், வார்னிஷ் அடித்த கார் காய வாரக்கணக்கில் ஆகும். டூக்கோ அதை மணிக்கணக்காக்கியது. அந்தப் பெயர் நம் பட்டறைகளில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் ஆழமான பளபளப்பு பி.யூ. (பாலியூரித்தேன்) பெயின்டில் வராது என்பது என் பிடிவாதம். ஆனால் அது சூட்டில் இளகும், ஈரத்தில் வெளுத்துப் பூக்கும். ரெக்சின்போல வழவழப்பான பி.வி.சி. கவரை அதன்மேல் போட்டால், அந்தப் பிளாஸ்டிக்கை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய் சித்திரை வெயிலில் பெயின்டுக்குள் இறங்கி, கவரின் அச்சு அப்படியே பதிந்துவிடும். உங்கள் வண்டியில் இருப்பது எதுவென்று தெரியவில்லையா? டிக்கியின் உள்விளிம்பில், கண்ணில் படாத இடத்தில், தின்னர் தொட்ட வெள்ளைத் துணியை வைத்துத் தேயுங்கள். நிறம் தாராளமாக ஒட்டி வந்தால் என்.சி.

‘மூச்சு விடும்’ கவர் என்று விற்கிறார்களே என்பார்கள். விடும்தான், புதிதாக இருக்கும் வரை. நம் செம்மண் அதன் கண்களை அடைத்தபின் விடாது. வெள்ளிப்பூச்சுக் கவரின் பூச்சோ வெயிலில் உதிர்ந்து வண்டியிலேயே ஒட்டும்.

சரி, என்னதான் செய்வது? காருக்குத் தேவை கூரை, ஆடை இல்லை. பனி இறங்குவது வானத்தைப் பார்த்து நிற்பதால். இடையில் ஒரு கூரை வந்துவிட்டால் தகரம் அவ்வளவு குளிராது. பக்கங்கள் திறந்திருந்தால் ஈரமும் தங்காது. எனக்குத் தெரிந்து இந்தச் சமவெளிக்குத் தென்னங்கீற்றுக் கொட்டகையை மிஞ்சியது இல்லை. வெறும் தகரக் கூரை போட்டால் இரவில் அதுவே குளிர்ந்து அடியில் வியர்த்துச் சொட்டும். தகரம்தான் வேண்டுமென்றால் அதற்குக் கீழே ஒரு வரிசை கீற்றைக் கட்டிவிடுங்கள். மேற்கே மட்டும் ஆடிக் காற்றுக்குத் தட்டி. தரையில் பாலிதீன் விரித்து அதன்மேல் கான்கிரீட் போட்டால் மண்ணின் ஆவி மேலே வராது. கீற்றுக்கு நெருப்புப் பயம் உண்டு, பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். கழற்றும்போதே பானெட்டுக்குள் எலி வயரைக் கடித்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம். தூசிக்குப் பழைய பருத்தி வேட்டியைப் போடலாம். அதையும் வண்டியைக் கழுவிக் காய்ந்த பிறகுதான்.

ஏற்கெனவே கொப்புளம் வந்துவிட்டால் அவசரப்பட்டுச் சுரண்டச் சொல்லாதீர்கள். கவரைத் தூக்கி எறிந்துவிட்டு, காற்றோட்டமான நிழலில் சில வாரம் நிறுத்துங்கள். புதிதாக வந்த கொப்புளங்கள் சில வற்றி அமுங்கும். வெளுத்த என்.சி.யும் சில நேரம் நிறம் திரும்பும். அமுங்காததை ஊசியால் குத்திப் பாருங்கள். தெளிந்த நீர் வந்தால் நல்லது, தகரம் இன்னும் கெடவில்லை. துருக் கலந்து பழுப்பாக வந்தால் தகரம் வரை சுரண்டித்தான் ஆகவேண்டும்.

2014 மே மாதம் உத்தர்பாரா ஆலையில் அம்பாசடர் உற்பத்தி நின்ற பிறகு, அதுவரை மாட்டுக்கொட்டகை ஓரத்தில் கிடந்த வண்டிகளுக்குத் திடீரென மரியாதை வந்துவிட்டது. கோவையில் ஜீடி கார் அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருபவர்கள், அதே பளபளப்பு தங்கள் வண்டிக்கும் வேண்டும் என்கிறார்கள். அங்குள்ள வண்டிகள் கட்டடத்துக்குள் நிற்கின்றன என்பதை நான் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. கொட்டகை போடச் சொன்னால் வீட்டம்மா முகம் சுளிப்பார்: “பங்களா வாசல்ல கீத்துக் கொட்டகையா? நல்லாவா இருக்கும்ணே?” அதற்கு நான் பின்வாசலைக் காட்டுவேன். இல்லையென்றால் அடுத்த தையில் முழு பெயின்டுக்கு என்ன ஆகும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வருவேன்.