போயாவும் பொங்கிய கடலையும்

பேராதனையில் படிக்கிறேன் என்று சொன்னால் ஊரில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "அங்க சிங்களப் பெடியள்தானே கூட, எப்படிச் சமாளிக்கிறாய்?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துவிட்டேன். ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

எங்கள் வளாகத்தில் விகாரை, குறிஞ்சிக் குமரன் கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாமே உண்டு. நாங்கள் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவது போல, பௌத்த மாணவர்கள் போயா நாளில் வெள்ளை உடுத்து, பூவும் எண்ணெயும் கொண்டு விகாரைக்குப் போவார்கள். கலைப்பீட வகுப்புகளில் காவியுடை பிக்குமாரும் எங்களோடு இருந்துதான் குறிப்பெடுக்கிறார்கள். சோதனைக்கு முதல் நாள் அவர்கள் முகத்திலும் அதே கலவரம்தான்!

வெசாக் வந்தால் ஒரே அமர்க்களம். மூங்கில் சீவி, தாள் ஒட்டி, வெசாக் கூடு கட்டுவார்கள். காசு சேர்த்துத் தன்சல் போடுவார்கள். யார் வந்தாலும் சாப்பாடு இலவசம். போன முறை அறைத்தோழன் என்னையும் இழுத்தான். "மச்சான், கடலை அவிக்க ஆள் காணாது, வா." போனேன். அடுப்புப் புகையில் இன மத பேதமில்லாமல் எல்லோருக்கும் கண்ணீர்.

அன்று மாலை அவர்கள் பஞ்சசீலம் சொன்னார்கள். முழுக்கப் பாளி. முடிந்ததும் அவனிடம் கேட்டேன், "உனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்குமா?" சிரித்தான். "ஐந்து சீலமும் தெரியும். ஒவ்வொரு சொல்லாகக் கேட்காதே. உங்கட ஐயர் சொல்ற மந்திரம் உனக்கு விளங்குதா?" நான் கப்சிப்.

பிறகு என் அரைகுறைச் சிங்களத்தில் அவனுக்கு மணிமேகலையைப் பற்றிச் சொன்னேன். பாளியில் நூல்கள் எழுதிய புத்ததத்த தேரர் சோழநாட்டுக்காரர் என்றும் சொன்னேன். தமிழர்களிலும் பௌத்தர்கள் இருந்தார்களா என்று வாயைப் பிளந்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்திலும் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. 1972 அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது. 1978 அரசியலமைப்பிலும் அது 9ஆம் உறுப்புரையாக இருக்கிறது. போருக்குப் பிறகு எங்கள் ஊர்ப்பக்கம் புதிதாக ஒரு புத்தர் சிலை வந்தால், அம்மாவுக்கு முதலில் வருவது பயம்தான். அந்தப் பயம் பொய்யில்லை. அதை நான் அவனிடமும் சொன்னேன். மறுத்துப் பேசவில்லை, கேட்டுக்கொண்டிருந்தான்.

சட்டத்தில் இருக்கும் பௌத்தம் வேறு, சோதனைக்கு முதல் நாள் என் நண்பன் விளக்கேற்றும் பௌத்தம் வேறு. முதலாவதோடு எனக்குச் சண்டை இருக்கிறது, இருக்கும். அதற்காக இரண்டாவதோடு ஏன் கோபிக்க வேண்டும்?

அடுத்த வெசாக்குக்கும் கடலை அவிக்கப் போவதாக இருக்கிறேன். உங்கள் வளாகங்களில் எப்படி?