முகப்புக்கு மட்டும் தூண்

பி.காம். படிக்கிறவனுக்குக் கட்டடக் கலையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயம்தான். போன வருடம் ஒரு செமஸ்டர் வேல்ஸில், சுவான்சியில் தங்கிப் படித்ததன் விளைவு இது. பொறுத்துக்கொள்ளவும்.

வேல்ஸில் தடுக்கி விழுந்தால் ஒரு சேப்பல் வாசலில்தான் விழ வேண்டும். அங்கே சர்ச் வேறு, சேப்பல் வேறு. சர்ச் என்றால் ஆங்கிலிக்கன் திருச்சபை. 1920 வரை அதுதான் அங்கே அரசு மதம். அதை ஏற்காமல் விலகிய சுரங்கத் தொழிலாளிகளும் ஆலைத் தொழிலாளிகளும் விவசாயிகளும் கைக்காசு போட்டுக் கட்டிக்கொண்டது சேப்பல். எபெனேசர், பெத்தேல், சீயோன் என்று பெயர்ப் பலகைகளைப் படித்தபோது எங்கள் ஊர் ஜெபக்கூடங்கள் ஞாபகம் வந்தன.

சர்ச்காரர்களின் பாணி கூர் வளைவுகள் கொண்ட கோதிக். சேப்பல்காரர்கள் பெரும்பாலும் பழைய கிரேக்க, ரோமானியக் கோயில்களின் பக்கம் போனார்கள். சுவான்சியை ஒட்டிய மோரிஸ்டனில் ஜான் ஹம்ஃப்ரி கட்டிய டாபர்நாக்கிள் சேப்பலைப் (1872) பாருங்கள். முகப்பில் எட்டு கொரிந்தியத் தூண்கள். தலையில் இலை விரிந்த ராட்சதத் தூண்கள். தகரத் தகடு ஆலைகளில் வெந்தவர்களின் சேப்பல் அது! வாய் பிளந்து நின்றேன்.

நான் தங்கியிருந்த தெருமுனையிலும் ஒரு சின்ன சேப்பல். முகப்பில் முக்கோண முகடு, சுண்ணாம்புப் பூச்சிலேயே இழுத்துவிட்ட பொய்த் தூண்கள். பக்கவாட்டில் போய்ப் பார்த்தால் பூச்சே இல்லாத கரடுமுரடான கல் சுவர். எங்கள் பாடத்தில் இதற்குப் பெயர் 'விண்டோ டிரெஸ்ஸிங்', அதாவது பேலன்ஸ் ஷீட்டை ஜோடித்துக் காட்டுவது. வீட்டுக்கார அம்மாவிடம் இந்த ஜோக்கைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அவருடைய அப்பா அந்த சேப்பலில் டீக்கனாக இருந்தவராம். இப்போது கதவில் 'விற்பனைக்கு' பலகை.

"நீ கணக்குதானே படிக்கிறாய்? இதற்கு என்ன மதிப்புப் போடுவாய்?" என்றார்.

பதில் தெரியவில்லை. அந்த சனிக்கிழமை பான்டிபிரித் போனேன். அங்கே 1756-இல் எழுந்த ஒற்றை வளைவுக் கல்பாலம் இருக்கிறது. அதைக் கட்டிய வில்லியம் எட்வர்ட்ஸும் ஒரு சேப்பல் போதகர்தான். பாலம் திரும்பத் திரும்ப இடிந்தும் மனுஷன் விடவில்லை. பாலத்தின் பக்கத்திலேயே 1861-இல் எழுந்த பாப்டிஸ்ட் சேப்பல். 1986 முதல் அது ஊர் அருங்காட்சியகம். உள்ளே போய் நிமிர்ந்து பார்த்தபோதுதான் என் ஜோக் எவ்வளவு மொக்கை என்று உறைத்தது. அலங்காரக் கூரை தலைக்கு மேல் அப்படியே இருந்தது. ஆர்கனும் இருந்தது.

சேப்பல் என்பது அடிப்படையில் பிரசங்கம் கேட்கிற கூடம். நடுவில் பிரசங்க மேடை, அதன் முன்னால் டீக்கன்கள் உட்காரும் 'பெரிய இருக்கை', பெரும்பாலும் மூன்று பக்கமும் மாடம். கடைசி வரிசைக்காரனுக்கும் காது கேட்க வேண்டும், கண் தெரிய வேண்டும். அதனால்தான் நாடகத்துக்கும் கச்சேரிக்கும் அது சுலபமாக இடம் கொடுக்கிறது. மெர்தர் டிட்வில்லில் 1842-ஆம் வருடத்து சோவார் சேப்பல் 2011-இல் நாடக அரங்கமானது. அங்கே வேல்ஸ் மொழிக்கான மையமும் நடக்கிறது.

இதே கூடத்தை ஃப்ளாட்டுகளாக மாற்றினால் நடுவே ஒரு தளம் போட வேண்டும். உயரமான ஜன்னலின் இடுப்பில் கான்கிரீட் ஓடும். தூணும் முகடும் பத்திரமாக நிற்கும், உள்ளே கூடமே இருக்காது. விண்டோ டிரெஸ்ஸிங் என்றால் அதுதான். சம்பளத்தில் மிச்சம் பிடித்தவர்கள் தெருவைப் பார்க்கிற ஒரு சுவருக்காவது தூண் வைத்தது இல்லை.

திரும்பி வந்து அம்மாவிடம் பான்டிபிரித் கதையைச் சொன்னேன். மதிப்பு என்ன என்று அவர் மறுபடி கேட்கவில்லை.

"ஆர்கன் இருக்கிறதா?"

"இருக்கிறது."

"யாராவது வாசிக்கிறார்களா?"

நான் போன நேரத்தில் யாரும் வாசிக்கவில்லை. அதைச் சொல்லாமல் டீயைக் குடித்தேன்.