தென்காசி குண்டு வழக்கும் போலீஸ் பிரஸ்மீட்டும்

2008 ஜனவரி 24 அன்று தென்காசி ஆர்.எஸ்.எஸ். அலுவலகத்திலும் பேருந்து நிலையம் அருகிலும் குண்டு வெடித்தது. தென்காசி அப்போது எங்கள் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. முந்தைய ஆகஸ்டில்தான் அங்கே நடந்த இந்து-முஸ்லிம் மோதலில் 6 பேர் செத்திருந்தார்கள். குண்டு வைத்தது யார் என்று விடியும் முன்பே பலர் முடிவு கட்டிவிட்டார்கள். பாளையங்கோட்டை கோர்ட் வாசல் டீக்கடையிலும் அதே பேச்சுதான். முஸ்லிம் தெருக்களில் பயம்.

பிப்ரவரி தொடக்கத்தில் போலீஸ் சிலரைக் கைது செய்து பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டது. பிடிபட்டவர்கள் இந்து அமைப்புப் பின்னணி உள்ளவர்கள், பழி மறுதரப்பின் மேல் விழவேண்டும் என்றே குண்டு வைத்தார்கள் என்றது. செய்தி வந்ததும் ஒரு சமூகத்தின் மேல் ஏறியிருந்த சந்தேகம் இறங்கியது. விசாரணை நடக்கிறது என்று சொல்லி அதைத் தடுத்திருந்தால் ஊர் இன்னொரு மோதலைப் பார்த்திருக்கும் என்றே நம்புகிறேன்.

அந்த வழக்கில் எனக்கு வக்காலத்து இல்லை. ஆனாலும் அது என்னை விடவில்லை. ஒரு சமூகத்தைக் காப்பாற்றிய அதே பிரஸ்மீட், கைதானவர்களைக் கோர்ட் ஏறும் முன்பே குற்றவாளி ஆக்கியது. அவர்கள் எந்தக் கட்சியாக இருந்தால் என்ன? நியாயமான விசாரணை அவர்களுக்கும் உரியதுதான்.

அதற்குப் பிறகு நான் நடத்திய ஒரு வெடிபொருள் வழக்கில் இதன் விலை தெரிந்தது. பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் மாஜிஸ்திரேட் முன்னிலையில் அடையாள அணிவகுப்பு நடந்து, சாட்சி என் கட்சிக்காரரைச் சரியாகக் காட்டியிருந்தார். குறுக்கு விசாரணையில், அதற்கு முன் இவரை எங்காவது பார்த்தீர்களா என்று கேட்டேன். "பேப்பர்ல போட்டிருந்தாவல்லா, பாத்தேன் சார்" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். அணிவகுப்பு அங்கேயே விழுந்தது, என் கட்சிக்காரர் விடுதலையானார். அவர் உண்மையிலேயே குற்றவாளியாக இருந்திருந்தால்? அரசுத் தரப்பு தன் வழக்கைத் தானே கெடுத்துக்கொண்டிருக்கும். போட்டோவைக் கொடுத்தது போலீஸ்தானே!

வாக்குமூலமும் அப்படித்தான். போலீஸ் அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொன்னது. புதிய சட்டத்திலும் அந்தப் பாதுகாப்பு உண்டு. பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்களில் தடாவும் பொடாவும் அதைத் தளர்த்தின, ஊபா தளர்த்தவில்லை. நீதிபதி பார்க்கவே கூடாத அந்தத் தாள் பிரஸ்மீட்டில் வாசிக்கப்படுகிறது, மறுநாள் தலைப்புச் செய்தியாகிறது. 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டப்படி, குற்றப்பத்திரிகை தாக்கலாகும் வரை அல்லது கோர்ட் சம்மன், வாரண்ட் அனுப்பும் வரை குற்ற வழக்கு நிலுவையில் இருப்பதாகவே கணக்கில்லை, அதனால் அதுவரை வரும் செய்தி அவமதிப்பும் ஆகாது. செய்தி சூடாக இருப்பதோ அதற்கு முந்தைய நாட்களில்தான். கைது நாளிலிருந்தே கணக்கு தொடங்க வேண்டும் என்று சட்ட ஆணையம் 2006இல் தன் 200ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது.

இதற்காகப் பத்திரிகையை வெளியே நிறுத்துவதை ஏற்கமாட்டேன். ராஜீவ் கொலை வழக்கு பூந்தமல்லியில் தடா சட்டத்தின் கீழ் மூடிய கதவுக்குள் நடந்தது. 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் தூக்கு. அடுத்த ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் அதில் 19 பேரை விடுவித்தது. அத்தனை பேரின் உயிர் ஊசலாடிய சாட்சி விசாரணையை எந்த நிருபரும் உட்கார்ந்து கேட்க முடியவில்லை. சாட்சிக்கு ஆபத்து என்றால் அவர் பெயரை மறைக்கட்டும், கோர்ட்டையே மறைக்க வேண்டியதில்லை.

சஹாரா வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதற்கு அளவு சொன்னது: விசாரணை கெடும் என்ற உண்மையான, கணிசமான ஆபத்து இருந்து, வேறு வழியும் இல்லாவிட்டால், வெளியீட்டைக் கொஞ்ச காலம் தள்ளிவைக்கலாம். போலீஸ் பிரஸ்மீட்டுக்கு விதிமுறை வகுக்கும்படி உள்துறை அமைச்சகத்துக்கு உச்ச நீதிமன்றம் 2023 செப்டம்பரில் உத்தரவிட்டது.

நம்மூர் நிருபர்களிடம் ஒன்று கேட்கிறேன். கைதைப் போடுங்கள், யார் சொன்னது என்பதையும் சேர்த்துப் போடுங்கள். அணிவகுப்பு முடியும் வரை முகத்தைப் போடாதீர்கள். சாட்சி விசாரணை நடக்கும் நாளில் கோர்ட்டுக்கு வாருங்கள்.