எண்ணுக்கும் வரப்பு உண்டு

கோவைக்கு வரும் கடிதங்களில் 641 என்று தொடங்கும் எண்ணை நீங்கள் அனைவரும் கண்டிருப்பீர்கள். 1972 ஆகஸ்டு 15-ஆம் நாள் தபால் இலாகா கொண்டுவந்த அஞ்சல் குறியீட்டில், முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்த பெரும்பகுதி. 641 என்றதும் அது கோவை வட்டாரமாகச் சுருங்கிவிடுகிறது. பொள்ளாச்சிக்கோ 642. கணிப்பொறிகளுக்கும் இத்தகைய முகவரி உண்டு என்று எங்கள் ஆசிரியை கூறினார். ஆனால் அங்கே பத்துப் பத்தாக அன்று, ஒவ்வொரு படியிலும் பாதி பாதியாகப் பிரியும்.

அந்த முகவரியில் 32 இருமை இலக்கங்கள். அவற்றுள் முதல் எத்தனை இலக்கங்கள் தெருவின் பெயர் போன்றவை என்பதைச் சாய்கோடு இட்டு எழுதுகிறார்கள். /24 என்றால் அத்தெருவில் 256 எண்கள். /25 என்றால் 128. /26 என்றால் 64. எண் கூடக் கூடத் துண்டு குறைகிறது! இத்துண்டுக்குத்தான் சப்நெட் என்று பெயர். ஒவ்வொரு துண்டிலும் முதல் எண் அத்துண்டின் பெயராகிவிடும். கடைசி எண் எல்லோரையும் ஒருசேர அழைப்பதற்கு. ஆகவே 64-இல் நமக்குக் கிடைப்பது 62.

இதைக் கேட்டதும் அவிநாசிக்கு அருகே உள்ள எங்கள் அப்புச்சியின் காடு நினைவுக்கு வந்தது. நான்கு ஏக்கரை நான்கு மாமன்மாருக்கும் பங்கு வைத்தபோது, கிணறு மட்டும் பொதுவில் நின்றது. ஒவ்வொரு பங்கிற்கும் வரப்பும் வண்டித்தடமும் விட வேண்டியதாயிற்று. “துண்டு பெருகினா வரப்பும் பெருகும், அம்மணி” என்றார் அப்புச்சி. சின்ன மாமா பங்கில் டிராக்டர் திரும்ப இடமில்லை. அவர் இப்போது பனியன் கம்பெனிக்குப் போகிறார். ஆனாலும் பிரிக்காமல் இருந்திருந்தால் தண்ணீர் முறைக்குத் தினமும் சண்டைதான்.

கணக்கும் அதையே சொல்கிறது. 256 எண்களை நான்காகப் பிரித்தால் வரப்புக்குப் போவது 8. நான்கு நான்கு எண்களாக 64 துண்டு போட்டாலோ 128 போய்விடும், அதாவது சரிபாதி!

உலக அளவிலும் பங்கீடு ஒழுங்காக நடந்ததாகத் தெரியவில்லை. மொத்தம் ஏறத்தாழ 429 கோடி எண்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. என்ற ஒரே கல்விக்கூடத்திடம் /8 துண்டு ஒன்று, 1 கோடியே 67 லட்சம் எண்கள், பல ஆண்டுகள் இருந்தது. 2017-இல்தான் அதில் ஒரு பகுதியை விற்றார்கள். 2011 பிப்ரவரியிலேயே உலகப் பொதுக் களஞ்சியம் காலி. பிந்தி வந்த நம் போன்ற நாடுகளுக்கு எஞ்சியது சொற்பமே. இத்தட்டுப்பாடு வரும் என்று முன்கூட்டியே எண்ணி வகுத்ததுதான் 128 இலக்கப் புது முகவரி. அதில் வழக்கமான ஒரு துண்டே 429 கோடியை 429 கோடியால் பெருக்கிய அளவு!

ஆசிரியை எங்களுக்கு ஒரு பயிற்சி தந்தார். கணிப்பொறிக் கூடத்தில் 40, அலுவலகத்தில் 12, நூலகத்தில் 6. கையில் 256 எண்கள். மாணவியர் விளையாட்டாக எதையோ தட்டி, அலுவலகக் கணக்கு கலைந்துவிடக் கூடாதல்லவா? எனவே மூன்று துண்டுகள். கூடத்துக்கு 64, அலுவலகத்துக்கு 16. நூலகத்துக்கு 8 போதும் என்றார்கள் தோழியர், இரண்டு போனால் மிச்சம் சரியாக ஆறு. ஆனால் துண்டை விட்டு வெளியே போகும் வாசலுக்கும் ஓர் எண் வேண்டுமே! ஆக ஏழு. நூலகத்துக்கும் 16 எழுதினோம். மீதி 160 எண்கள் தரிசாகக் கிடக்கின்றன.