புல் மாறும், வீடு நிற்கும்

ஒகிமாச்சியில் வாதா குடும்பத்தின் பண்ணை வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது அதன் வயதைத்தான். ஜப்பானின் கிஃபு மாநிலத்தில், ஷோ ஆற்றுப் பள்ளத்தாக்கில், எடோ காலத்தில் எழுந்த வீடு அது. ஊர்த்தலைமையும் வெடியுப்பு வணிகமும் அந்தக் குடும்பத்தின் கையில் இருந்தன. வாரிசுகள் இன்றும் அங்கேயே குடியிருக்கிறார்கள். நான் அதன் பரணுக்கு ஏறியது கூரைக்கட்டைப் பார்க்க. அங்கே நின்றால் வயதுக் கணக்கே குழம்பிவிடுகிறது. மேலே வேய்ந்திருக்கும் புல் 30, 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்படுவது. எடோ காலத்துப் புல் ஒரு கற்றைகூட மிஞ்சியிருக்க வழியில்லை. பிறகு எதைத்தான் பழமை என்று காக்கிறோம்? கட்டத் தெரிந்த கைகளையும், அந்தக் கைகளுக்கு ஓயாமல் வேலை வைக்கும் குடித்தனத்தையும் என்பேன்.

இந்தக் கூரையின் அமைப்பே அதற்குச் சாட்சி. கீழ்த்தளம் தச்சர்களின் வேலை. அதற்கு மேல், ஏறத்தாழ 60 பாகைச் சரிவில் நிற்கும் கூரை ஊராரின் வேலை. கூரைச் சட்டத்தில் ஆணி கிடையாது. ‘நெசோ’ என்னும் இளங்கொம்புகளைப் பச்சையாகவே முறுக்கிக் கட்டுகிறார்கள். காயக் காய அது இறுகிக்கொள்கிறது. கைமரங்களின் கூர்சீவிய அடிமுனை குழியில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. பனிப்பாரத்துக்கும் காற்றுக்கும் கூரை சற்றே அசைந்து கொடுக்கலாம். புல்லை அடுக்கி, கட்டையால் தட்டி, பெரிய ஊசியில் கயிறு கோத்து வெளியே இருப்பவர் உள்ளே குத்துகிறார்; பரணில் இருப்பவர் அதை வாங்கிக் கைமரத்தைச் சுற்றித் திருப்பி அனுப்புகிறார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. சரிவின் ஒரு பக்கத்தை வேயவே நூறு பேருக்கு மேல் வேண்டும். கூலி கொடுத்து மாளுமா? அதனால்தான் ‘யுய்’ என்னும் கைமாற்று உழைப்பு உருவானது. யார் எத்தனை ஆள் அனுப்பினார், எவ்வளவு கயிறு கொடுத்தார் என்று நம் மொய் நோட்டைப் போலவே எழுதி வைத்தார்கள். அவர் வீட்டுக் கூரை பிரியும்போது அதைத் திருப்பிச் செய்தாக வேண்டும்.

புல்லே புதிதென்றால் நம்பகத்தன்மை எங்கே என்று கட்டடக்கலைக்காரர் கேட்பார். 1994இல் நாராவில் கூடிய வல்லுநர்கள் இதற்கு விடை சொல்லிவிட்டார்கள்: மூலப்பொருளோடு பயன்பாட்டையும் தொழில்நுட்பத்தையும் மரபையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்று. மறு ஆண்டே ஒகிமாச்சியும் அண்டைக் கோகயாமாவின் இரு ஊர்களும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. இதைவிட வலுவான ஆட்சேபம் வேறொன்று உண்டு. இன்று பெரும்பாலான கூரைகளை வேய்வது அரசு மானியத்தில் கூலி பெறும் தொழில்முறை வேலையாட்கள்தான். யுய் எப்போதாவது நடக்கிறது. மறுக்க முடியாது. ஆனால் கூலி வாங்குவதால் கைத்திறன் பொய்யாகிவிடாது. ஊசியை வாங்கித் திருப்ப உள்ளே ஓர் ஆள் இன்றும் வேண்டும். போனது அண்டை வீட்டாருக்கு இடையிலிருந்த கடன். அது பெரிய இழப்பு. மானியம் அதை மீட்டுத் தராது.

வீடுகளைப் பெயர்த்துத் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் வைத்தால் போதாதா என்பவர்களுக்கு அடுப்புப் புகையே பதில். தரைக்குழி அடுப்பில் நாள்தோறும் எரியும் நெருப்பின் புகைதான் கயிற்றையும் புல்லையும் உலர்த்திப் பூச்சியை விரட்டுகிறது. ஆள் இல்லாத வீட்டுக் கூரை சீக்கிரம் மக்கும். அதற்காக அந்தக் குடித்தனத்தைப் பொன்னுலகமாக்க எனக்கு விருப்பமில்லை. பரண் தட்டுகளில் பட்டுப்புழு வளர்ந்தது, தரைக்கடியில் வெடியுப்பு விளைந்தது என்றால், மனிதரும் நெருக்கியடித்துத்தான் வாழ்ந்தார்கள். பள்ளத்தாக்கின் சில ஊர்களில் மூத்த மகனுக்கு மட்டுமே முறையான திருமணம். தம்பிமார் அதே வீட்டில் உழைத்தே காலம் கழித்தார்கள். வழிகாட்டிப் பலகைகள் இதையும் உரக்கச் சொல்ல வேண்டும்.

1971இல் ஊரார் தங்களுக்குள் மூன்று கட்டுப்பாடுகள் விதித்துக்கொண்டார்கள்: விற்காதே, வாடகைக்கு விடாதே, இடிக்காதே. விற்பவர்களையும் இடிப்பவர்களையும் அது தடுத்தது. புல் அறுப்பவர்களை உருவாக்க அதனால் முடியாது. 2020இல் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்ட மரக்கட்டடக் கலைத்திறன்களில் கூரை வேய்தலோடு கூரைப்புல் அறுத்தலும் தனியாக இடம்பெற்றது சரியான அங்கீகாரம். பாதுகாப்புப் பணத்தில் முதல் பங்கு காடு விழுங்கிவரும் புல்வெளிகளுக்கும், இலையுதிர் காலக் கடைசியில் அரிவாளோடு அங்கே இறங்கும் இளைஞர்களுக்கும் போக வேண்டும். வாகன நிறுத்தம் பிறகு.