காபி மெஷின் வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

எங்கள் வீட்டில் காபி மெஷின் வாங்கிய கதையைச் சொல்லப் போகிறேன். "இதெல்லாம் ஒரு சப்ஜெக்டாடா?" என்று என் ரூம்மேட் இப்போதே தலையில் அடித்துக்கொள்கிறான். அவன் டீ பார்ட்டி, விட்டுத்தள்ளுங்கள்.

2024 மே மாதம். செமஸ்டர் லீவுக்கு நான் கும்பகோணம் வந்த மூன்றாம் நாள், அம்மா கொல்லைப்புறத்தில் பாசி வழுக்கி விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டு, ஆறு வாரம். மறுநாள் காலையில் அப்பா ஹாலில் பேப்பரோடு உட்கார்ந்திருக்கிறார். அப்பாயி கட்டிலில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பேரும் சமையலறை வாசலையே பார்க்கிறார்கள். காபி வரவில்லை. எப்படி வரும்?

சரி, நானே போடலாம் என்று உள்ளே போனேன். பில்டரின் மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் இறுகிப் போய்க் கழலவே இல்லை. ஈரத்துணியைச் சுற்றி, பல்லைக் கடித்து முறுக்கியதில் ஒரு வழியாக விட்டது. "இதை எப்படிம்மா தினமும் திறக்கிற?" என்றேன். "பழகிடுச்சுடா" என்றார். கள்ளிச்சொட்டு மாதிரி டிகாஷன் இறங்க அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்பாவுக்கு ஐந்தரைக்குக் காபி வேண்டும் என்றால் அம்மா 4:45க்கு எழுந்து வெந்நீர் வைக்கிறார். இருபது வருஷமாக அந்த வீட்டில் காபி குடிக்கிறேன், இந்தக் கணக்கு எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

பெங்களூரில் வேலை பார்க்கும் அக்காவுக்கு விஷயம் போனது. உடனே 5000 ரூபாய் அனுப்பிவிட்டு, "நல்லதா ஒரு காபி மெஷின் வாங்கிடு. இனிமே அம்மா கஷ்டப்படக் கூடாது" என்றாள். வீட்டில் இன்ஜினியரிங் படிக்கிறவன் நான் ஒருத்தன்தானே! ஆராய்ச்சியில் இறங்கினேன்.

முதலில் எஸ்பிரெஸோ மெஷின். பொடியின் வழியாகச் சூடான தண்ணீரை ஏறத்தாழ 9 பார் அழுத்தத்தில் தள்ளுவதுதான் இதன் வேலை. டப்பாவில் 15 பார், 20 பார் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அது பம்பின் உச்ச சக்தி. அதைப் பார்த்து மயங்க வேண்டாம். எங்கள் பட்ஜெட்டில் உருப்படியான மெஷின் கிடைக்கவில்லை. அவுட்.

அடுத்தது மோக்கா பாட். இத்தாலியில் பியாலெட்டி 1933இல் கொண்டுவந்த சாமான். அடியில் தண்ணீர், நடுவில் பொடி. அடுப்பில் வைத்தால் நீராவி தண்ணீரை மேலே தள்ள, ஐந்தாறு நிமிஷத்தில் கெட்டி டிகாஷன். நண்பன் வீட்டில் குடித்துப் பார்த்தேன், அருமை! அலுமினியத்தில் இருப்பதால் சாதாரண இண்டக்‌ஷன் அடுப்பில் வேலை செய்யாது என்பதைத் தவிர பெரிய குறையில்லை. ஆனால் அடிப்பாகத்தையும் மேல்பாகத்தையும் நன்றாக முறுக்கி மூட வேண்டும். உடைந்த மணிக்கட்டுக்கு மறுபடியும் முறுக்கலா? அவுட்.

மூன்றாவது பிரெஞ்சு பிரஸ். கொரகொரப்பான பொடி, நாலு நிமிஷம் ஊறல், ஒரு அமுக்கு. அவ்வளவுதான். எங்கள் வீட்டுப் பொடி நைசு. டம்ளர் அடியில் சேறு மாதிரி தங்கியது. அதுவும் அவுட்.

கடைசியாக டிரிப் மெஷின். 1908இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசி, மகனின் நோட்டிலிருந்த மையொற்றும் தாளைக் கிழித்துக் காபி வடிகட்டினாராம். அந்த யோசனைக்குக் கரண்டு கொடுத்தால் இந்த மெஷின். சாதாரண மாடல்களில் பம்புகூடக் கிடையாது. அடியிலுள்ள குழாய் சூடாகி, கொதிக்கிற குமிழிகளே தண்ணீரை மேலே தள்ளிப் பொடிமேல் சொட்ட வைக்கும்.

மாமா வீட்டுப் பரணில் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. வாங்கி வந்து சோதனை போட்டேன். புத்தகத்தில் சொன்ன அளவுப்படி போட்டுக் கொடுத்தால், அப்பாயி ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னடா தம்பி, டம்ளரைக் கழுவுன தண்ணியைக் குடுத்திருக்க?" என்றது. பால் விடாமல் குடிக்கிறவர்களுக்கான அளவு அது என்று அப்புறம்தான் உறைத்தது. தண்ணீரைப் பாதியாக்கி, பொடியை இரட்டிப்பாக்கியதும் டிகாஷன் மாதிரி வந்தது.

அப்பாவுக்குக் கொலஸ்ட்ரால் மாத்திரை ஓடுகிறது. கொலஸ்ட்ராலைக் கூட்டும் சில எண்ணெய்ப் பொருட்களைக் காகித வடிகட்டி பிடித்துக்கொள்ளும் என்பதால் அதைப் போட்டுப் பார்த்தேன். சிக்கரி கலந்த நைசுப் பொடி அடைத்துக்கொண்டு, மேடையெல்லாம் வழிந்தது. வேறு வழியில்லாமல் ஸ்டீல் சல்லடைக்கே வந்தேன். அப்பாவுக்கு ஒரு நாளைக்கு இரண்டு டம்ளரோடு சரி என்று ஒப்பந்தம்.

இவ்வளவும் முடித்துப் பெருமையாக அம்மாவைக் கூப்பிட்டு டெமோ காட்டினேன். தண்ணீர் ஊற்றுவது, பொடி போடுவது, சல்லடை, மூடி, ஜார்... எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு அம்மா கேட்டார்:

"நல்லாத்தான்டா இருக்கு. முன்னாடி ஒரு பில்டரைக் கழுவினேன். இனிமே நாலு சாமான் கழுவணும். இதுக்கும் 4:45க்கு நான்தானே எந்திரிக்கணும்?"

எனக்குப் பேச்சே வரவில்லை. எந்த மெஷின் நல்ல காபி போடும் என்று இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட நான், அந்த மெஷினை யார் போடுவது என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. அக்காவும் யோசிக்கவில்லை. அம்மாவுக்கு லீவு கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, அம்மாவுக்கே ஒரு புது வேலையை வாங்கப் போயிருக்கிறோம்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது பேச்சை எடுத்தேன். "லீவு முடியிற வரைக்கும் நான் போடறேன். அப்புறம் யாருப்பா?" அப்பா பதில் சொல்லவில்லை. 58 வயசு, அடுப்பு பற்ற வைத்து நான் பார்த்ததில்லை. கை கழுவிவிட்டு வந்தவர், "அந்த சுவிட்சு எங்க இருக்கு, காட்டு" என்றார்.

அதற்குப் பிறகு மெஷின் தேர்வு பத்தே நிமிஷம்! அப்பாவால் போட முடியுமா என்பது மட்டும்தான் கேள்வி. ஒரே சுவிட்சு, கழற்றக்கூடிய ஸ்டீல் சல்லடை, உடைந்தால் உள்ளூரிலேயே மாற்று ஜார், 650 வாட். 2400 ரூபாய்க்கு முடிந்தது. மிச்சப் பணத்தை அக்கா திருப்பி வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். கொல்லையில் வழுக்காத டைல்ஸ் பதித்துவிட்டோம்.

நீங்கள் வாங்குவதாக இருந்தால் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து இதையெல்லாம் கேளுங்கள்:

1. தினமும் யார் போடுவார்கள்? அவர்கள் கைக்கும் கண்ணுக்கும் ஒத்துவருமா?
2. எத்தனை பேருக்கு, எத்தனை மணிக்கு? எல்லோருக்கும் ஒரே நேரத்திலா?
3. என்ன பொடி? பாக்கெட்டில் சிக்கரி எத்தனை சதவீதம் என்று பாருங்கள், 49 வரை சட்டமே அனுமதிக்கிறது. சிக்கரி கூடினால் சொட்டுவது மெதுவாகும்.
4. கழுவ எத்தனை பாகம்? யார் கழுவுவார்கள்?
5. எந்த பிளக்? 1000 வாட் வரை சாதாரண 6 ஆம்பியர் பாயிண்ட் போதும்.

முதல் கேள்விக்குப் பதில் வராமல் மற்றதற்குப் போகாதீர்கள்.

இப்போது ராத்திரியே தண்ணீரும் பொடியும் தயார். மணம் கொஞ்சம் போகும்தான், போகட்டும். காலையில் அப்பா சுவிட்சைப் போடுகிறார், பால் காய்ச்சுகிறார், அவரே கழுவியும் வைக்கிறார். அம்மா ஆறு மணிக்கு எழுந்திருக்கிறார். குளிர் நாளில் கை இன்னும் வலிக்கிறதாம். பழைய பில்டர் டிகாஷனுக்கு இது ஈடில்லை, ஒத்துக்கொள்கிறேன். அப்பாயி தினமும் அதைச் சொல்லிக்கொண்டேதான் குடிக்கிறது. நான் ஊருக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் பில்டரை இறக்குவோம். முறுக்கித் திறப்பது நான்.

ஹாஸ்டலுக்கு வந்த முதல் வாரம் விடியற்காலை ஐந்து மணிக்கு அப்பாவிடமிருந்து போன். வீட்டில் என்னமோ ஏதோ என்று பதறி எடுத்தேன்.

"தம்பி, பொடி மூணு ஸ்பூனா, நாலா? அம்மா தூங்குறா, எழுப்ப வேணாம்னு பார்த்தேன்."

நாலு என்றேன்.

பி.கு: ரூம்மேட் இதைப் படித்துவிட்டு வீட்டுக்கு போன் போட்டான். அவர்கள் வீட்டில் காலையில் டீ போட அம்மா எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார் என்று கேட்க.