தாமரை இலைத் தண்ணீர்

‘தாமரை இலைத் தண்ணீர் போல’ என்னும் உவமையை அறியாத தமிழர் இரார். பற்றற்ற வாழ்வுக்கு அதனை எடுத்துக்காட்டாகப் பெரியோர் கூற நானும் இளமையிலே பலமுறை கேட்டதுண்டு. ஆயினும், அந்த இலையில் நீர் ஏன் ஒட்டுவதில்லை என்று என்னைச் சிந்திக்க வைத்தவர், எழுத்தறியாத என் ஆச்சியே.

எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். வன்னியிலுள்ள எங்கள் கிராமத்துக் கோயிலிலே அன்னதானம். குளத்தில் பறித்துவந்த தாமரை இலைகளை ஆச்சி அடுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு உதவிபுரியும் ஆவலினால் நான் ஓர் இலையை எடுத்து, அதன்மீது படிந்திருந்த மங்கல் நீங்குமட்டும் துணியினால் அழுத்தித் துடைத்தேன். இலை பளபளத்தது. பெருமையோடு ஆச்சியிடம் நீட்டினேன். அவர் அதன்மேல் சிறிது நீரைத் தெளித்தார். முத்தாய் உருளவேண்டிய நீர் படர்ந்து ஒட்டிக்கொண்டது.

“தேய்ச்சுப் போட்டியே மோனை! இனி இதிலை தண்ணி உருளாது” என்றார். அவ்வளவுதான். அந்த இலையை விருந்தினருக்கு இடாமல், தாம் உண்பதற்கென ஒதுக்கி வைத்துக்கொண்டார். கடிந்திருந்தால் அன்றே மறந்திருப்பேன். கடியாமையினாலேயே இன்றும் மறக்கவில்லை.

நான் துடைத்து அழித்தது யாது என்பதைப் பல ஆண்டுகளின் பின்னரே நூல்களிலிருந்து அறிந்தேன். ஜேர்மனியின் பொன் நகரப் பல்கலைக்கழகத்துத் தாவரவியலறிஞர்களான பார்த்லொட், நைன்ஹூயிஸ் ஆகிய இருவரும் 1997ஆம் ஆண்டிலே தாமரை இலையின் தூய்மையை விளக்கி ஓர் ஆய்வுரையை வெளியிட்டனர். இலத்திரன் நுணுக்குக்காட்டியினூடாக நோக்கினால் அவ்விலை சமதரையன்று. குன்றுகள் நிறைந்த ஒரு நாடு. ஒவ்வொரு குன்றும் ஏறத்தாழ மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு அளவினது. அக்குன்றுகளின்மேல் மெழுகினாலான நுண்குழாய்கள் புல்லைப்போல் முளைத்திருக்கின்றன. அவற்றின் பருமன் ஏறக்குறைய 100 நனோமீற்றர். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறே நனோமீற்றராகும். நீர்த்துளி அம்முனைகளை மட்டுமே தொடுகிறது. இடைவெளிகளிலே காற்று நிறைந்திருக்கிறது. ஆதலால் துளி உருண்டையாக நின்று, இலை சற்றுச் சாய்ந்ததும் தூசியையும் வாரிக்கொண்டு ஓடிவிடுகிறது. இதற்கு மெழுகு மட்டும் போதாது. மேடு பள்ளங்களும் வேண்டும்.

இத்தகைய நுண்வடிவங்களை மனிதரும் ஆக்குகின்றனர். அமெரிக்காவிலே ஸ்டீவன் சூ என்பவரின் குழுவினர் 1995இல் கையாண்ட முறை, அரக்கிலே முத்திரை பதிப்பதை ஒத்தது. பிளாஸ்டிக் படலமொன்றைச் சூடாக்கி இளகச்செய்து, அச்சை அழுத்தி, குளிர்ந்தபின் அச்சை நீக்கினர். 25 நனோமீற்றர் அளவான குழிகளும் அதிலே பதிந்தன. ஆனால் இவ்வாறான வடிவங்களின் ஓரங்கள் கரடுமுரடாக அமைந்துவிட்டால் என் செய்வது? 2008இல் சூவும் அவருடைய சக ஆய்வாளரும் அதற்கும் ஒரு வழி கண்டனர். லேசர் ஒளியினால், ஒரு விநாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கிலும் குறைந்த நேரம் அவற்றை உருக்கினர். உருகிய பொருள் தன் பரப்பிழுவிசையினாலேயே ஓரம் சீராகி மீண்டும் உறைந்தது. உருக்கம் மிதமிஞ்சினாலோ, நெருப்பிற் பட்ட அரக்கு முத்திரை போல வடிவமே அழிந்துவிடும்.

ஆக்குவதிலும் திருத்துவதிலும் இத்துணை தேர்ந்த மனிதரை இன்னும் வருத்துவது தேய்மானமே. நீர் ஒட்டாதவாறு செய்யப்பட்ட செயற்கைப் பரப்புகள் பல, உரசப்பட்டதும் நுனி முறிந்து தம் குணத்தை இழக்கின்றன. அன்று என் கைத்துணி செய்த வேலையும் அதுவே. ஆனால் உயிருள்ள செடிகள் பல, இலை இழந்த மெழுகை மீண்டும் சுரந்து தம்மைப் புதுப்பித்துக்கொள்ளுகின்றன. அந்த வித்தையையே இன்று ஆய்வாளர் செயற்கைப் பரப்புகளுக்கும் ஊட்ட முயன்றுவருகின்றனர். பறித்துவிட்ட இலைக்கோ அது இயலாது.

நான் கெடுத்த இலை ஒன்றுதான். பந்தியெல்லாம் முடிந்தபின், ஆச்சி அதிலே சோற்றை இட்டு, ஒன்றும் நடவாதது போல் அமர்ந்து உண்டார். ஆக்கும் வித்தையினும் காக்கும் வித்தை பெரிது என்று அவர் எனக்குச் சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவுமில்லை.